தெற்கே இல்லாத ஈ

பழனிமலைத் தொடரில் ஒரு பூச்சி ஆய்வு நிலையம் இருந்தது. அதன் தலைவர் முனைவர் சபேசன், மார்ச் ஈக்கள் எனப்படும் கறுப்பு ஈக்களை வகை பிரித்துப் பெரிய நூல் எழுதியவர். செந்தொடை ஈ என்ற பிரிவு இமயமலையில் மட்டுமே உண்டு, தெற்கே கிடையவே கிடையாது என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார்.

அந்த நூலைப் பாராட்ட வெளியூர் அறிஞர்கள் வந்த காலையில், அதே ஈக்கள் கூட்டங்கூட்டமாக நிலையத்தின் அரங்குக்குள் புகுந்துவிட்டன.  பார்த்ததுமே சபேசன், துப்புரவு வேலை பார்க்கும் செவந்தியைத் தனியே அழைத்தார்.

"விருந்தாளிங்க உட்காரறதுக்குள்ள ஒரு ஈகூட இருக்கக் கூடாது. இருந்தா நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்லை."

செவந்தி விரட்ட விரட்ட ஈக்கள் திரும்பி வந்தன. அறிஞர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சபேசன் மேடையிலிருந்தே அதட்டினார்.

"சொன்ன வேலையைச் செய்யலையா?"

"எந்த ஈயை விரட்டணுங்கய்யா?" என்று செவந்தி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். "செந்தொடை ஈ தெற்கேயே கிடையாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"இது வேற. சாதாரண ஈ."

"சாதாரண ஈன்னா இவங்க பார்த்தா என்னங்கய்யா? அதுக்கு எதுக்கு என் வேலையைப் பறிக்கணும்?"

 முன்வரிசையில் இருந்த அறிஞர்களில் ஓர் அம்மையார் எழுந்துபோய், சபேசனின் சட்டைக் காலரில் உட்கார்ந்திருந்த ஈயைப் பிடித்து லென்ஸில் பார்த்தார். உடல் கறுப்பாகவும் தொடை சிவப்பாகவும் இருந்தது.

"உங்க நூல்ல இருக்கிற ஈதான் சார்," என்றார். "அது தெற்கே இல்லைன்னு காட்டுற வரைபடத்தைத்தான் மாத்தணும்."

சபேசன் செவந்தியிடம், "வெளியே போ," என்றார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, போறேன்," என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் செவந்தி உட்கார்ந்துகொண்டாள்.