காட்டுக்குப் பதினாறாம் நாள்

கொன்றைக்கோட்டை ராஜா செவ்வேள்ராயர் நல்லவர்தான். ஒரே குறை, கண்ணில் பட்டதை உடனே நம்புவார், நம்பியதை உடனே உத்தரவாக்குவார்.

மேற்கே மலைநாட்டில் மாமன் வீட்டில் வளர்ந்தவர் அவர். அங்கே வருஷம் முழுக்கப் பச்சை. ஐப்பசி மழையில் இங்கே வந்து முடிசூடினார். பங்குனியில் முதன்முதலாக மாடியேறி, அரண்மனைக்குப் பின்னால் இருந்த காட்டைப் பார்த்தார். பகீரென்றது. ஒரு மரத்திலும் இலை இல்லை!

தளவாய் உக்கிரமூர்த்தி பக்கத்திலேயே நின்றார். அவருக்கு உலகத்தில் இரண்டே ஆசைகள். ஒன்று, அந்தக் காட்டை அழித்துக் குதிரைப் பந்தயத் திடல் போடுவது. மற்றது அவருடைய மீசை. அதற்குத் தினமும் இரண்டு வேளை நெய் தடவுவார்.

"காடு செத்துப்போச்சு மகாராஜா," என்றவர், எங்கிருந்தோ ஒரு பட்ட கிளையைக் கொண்டுவரச் சொல்லிப் படாரென்று ஒடித்தும் காட்டினார்.

"ஐயோ பாவம். நாளைக்கே வெட்டிவிடுங்கள்."

அரண்மனை விகடர் மருதையன் குறுக்கிட்டார். "மகாராஜா, வெயில் காலத்தில் இலை உதிர்வது..."

"நானே பார்த்தேன், மருதையரே! அங்கே உயிர் இருக்கிறது என்று இனி யார் வாய் திறந்தாலும் நாடு கடத்துவேன்."

அன்று சாயங்காலம் சடைச்சி மருதையன் வீட்டுக்கு வந்தாள். காட்டில் தேனும் இலுப்பைப் பூவும் பொறுக்கிப் பிழைக்கும் முப்பது குடும்பங்களுக்குத் தலைவி அவள்.

"பங்குனி கடைசியில இலுப்ப கொழுந்து விட்டுரும், சாமி. அதுவரைக்கும் கோடாலி இறங்காம பாத்துக்கிடுங்க. இல்லேன்னா நாங்க எங்கிட்டுப் போவோம்?"

மறுநாள் தர்பார் கூடியதும் மருதையன் ஈரத் துண்டோடு ஓடி வந்து தரையில் விழுந்தார்.

"பெரியப்பா! எங்களை விட்டுப் போயிட்டீங்களே, பெரியப்பா!"

ராஜா பதறினார். "யாரய்யா செத்தது?"

"தங்கள் பெரியப்பாதான், மகாராஜா."

"எனக்கேது பெரியப்பா?"

"மறந்துவிட்டீர்களா? முடிசூடிய அன்று காட்டின் தலைமரமான இலுப்பைக்குப் பரிவட்டம் கட்டி, 'பெரியப்பா' என்று விழுந்து கும்பிட்டீர்களே! உங்கள் வம்சத்தில் எல்லா ராஜாவும் செய்வதுதானே. அவரோடு மொத்தக் குடும்பமும் போய்விட்டதாம். தளவாயே சொன்னார்."

"மரத்துக்கு என்ன துக்கம்?" என்று சீறினார் தளவாய்.

"அப்படியானால் மகாராஜா கும்பிட்டது வெறும் கட்டையையா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "பெரியப்பாதான்! என்ன செய்ய வேண்டும், மருதையரே?"

"பதினாறு நாள் துக்கம். அதுவரை சாவு வீட்டில் கோடாலி எடுக்கக் கூடாது. முடிசூடிய வருஷத்தில் மகாராஜா கருமம் செய்வதில்லை. சாவைச் சொன்ன தளவாய்தான் கர்த்தா. தலையும் மீசையும் இன்றே மழிக்க வேண்டும்."

தளவாயின் கை தானாக மீசைக்குப் போனது. காடு சாகவில்லை என்று சொன்னால் மீசை பிழைக்கும். ஆனால் புளுகு வெளிப்படும், நாடு கடத்தலும் கிடைக்கும். பாவம் மனுஷன், அதைக் கடைசியாக ஒரு தரம் முறுக்கிவிட்டு நாவிதர் முன் உட்கார்ந்தார்.

மருதையன் அதோடு விடவில்லை. "செத்தவர்களுக்கு வாரிசு யார் யார் என்று கர்த்தாதானே கணக்கெடுக்க வேண்டும்?"

ஆக, மொட்டைத் தளவாய் சடைச்சியோடு காடெல்லாம் குனிந்து குனிந்து நடந்தார். கணுக்கால் உயரம், முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று மரக்கன்றுகளை எண்ணினார். தினமும் ராஜாவிடம் வந்து ஒப்பிக்க வேண்டும்.

"கருமருதுக்குக் கன்றுகள் இருநூற்றுப் பத்து. வெட்பாலைக்கு எண்ணி மாளவில்லை."

"பெரியப்பாவுக்கு?"

தளவாய் தொண்டையைச் செருமினார். "ஒன்றும் இல்லை."

"முளைச்சது மகாராசா," என்றாள் சடைச்சி. "வருசா வருசம் முளைக்கும். தளவாய் ஐயா குதிரைங்க மேஞ்சிரும்."

ராஜாவின் புருவம் ஏறியது.

பதினான்காம் நாள்வரை ஒரு துளிரும் இல்லை. மருதையனுக்குச் சோறு இறங்கவில்லை. மரம் ஏமாற்றிவிட்டால் முப்பது குடும்பங்களும் தெருவில் நிற்குமே என்று உண்மையிலேயே பயந்தார். பதினைந்தாம் நாள் மத்தியானம் ஒரு கோடை மழை, கால் நாழிகைகூடப் பெய்யவில்லை.

பதினாறாம் நாள் காலை, பரிவாரத்தோடு ராஜா இலுப்பையடிக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிளை நுனியெல்லாம் செம்பு நிறத்தில் கொழுந்து! பக்கத்து மரங்களிலும் அங்கங்கே பச்சை எட்டிப் பார்த்தது.

"மருதையரே, இது என்ன?"

"நான் வாய் திறந்தால் நாடு கடத்துவீர்கள், மகாராஜா. பெரியப்பாவையே கேளுங்கள்."

ராஜாவுக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காட்டில் இனி ஒரு கோடாலியும் இறங்காது. உமக்கு என்ன வேண்டும், கேளும்!"

"பெரியப்பாவுக்கு வாரிசு வேண்டும், மகாராஜா. தளவாயின் குதிரைகளைக் காட்டுக்கு வெளியே கட்டச் சொல்லுங்கள், போதும்."

"அப்படியே ஆகட்டும்!"

துண்டால் மூக்குக்குக் கீழே மூடிக்கொண்டு நின்ற தளவாய் முனகினார். "எல்லாம் சரி. என் மீசை?"

மருதையன் அவர் தோளில் கைபோட்டார்.

"வேர் இருக்கிறதல்லவா, தளவாயே? குதிரை மேயாமல் பார்த்துக்கொள்ளும். துளிர்த்துவிடும்."