நிலைக்கதவோடு நாகப்பட்டினம் போன கதை

முட்டாள்கள் வேறு ஊரில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கதை கேட்பவர்கள் அதிகம். எனக்கு அந்த வசதி இல்லை. இந்தக் கதையில் வரும் நாலு பேரில் நானும் ஒருவன், மற்ற மூவரும் என் வீட்டிலேயே இருந்தார்கள்.

எங்கள் ஊர் கோணப்பாறை. நான் கருணாகரன், சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி பவளக்கொடி ஒன்றிய அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். அவள் தம்பி சிங்காரவேலு வேலை கிடைக்கும்வரை எங்களோடு இருக்கலாம் என்று வந்து மூன்று வருஷம் ஆகிறது. என் அண்ணன் தில்லைநாயகம்தான் குடும்பத்தின் மூளை. அந்த மூளையை அவர் கண்டபடி செலவழிப்பதில்லை, அப்படியே புதுசாக வைத்திருக்கிறார்.

பெண் பார்க்கப் போன அன்று பவளக்கொடி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குக் கடல் பாக்கணும். கூட்டிட்டுப் போவீங்களா?" நான் கடல் என்ன, காஷ்மீர் என்ன, இமயமலைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது பஜ்ஜி சூடாக இருந்தது. அப்புறம் நாலு வருஷத்தில் நாங்கள் போன தூரமான இடம் அவள் சித்தி வீடு. அது அடுத்த தெரு.

பிறகு இளவெயினி பிறந்தாள். பெயர் நீளம் என்பதால் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

பாப்பாவை வளர்ப்பதில் எங்களைக் குறை சொல்ல முடியாது. சுகாதார நிலைய நர்ஸம்மா எது சொன்னாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தோம். "பாப்பா தூங்கறப்ப நீங்களும் தூங்கிடுங்க" என்று அவர் சொன்ன நாள் முதல், பாப்பா கண்ணை மூடினால் வீடே படுத்துவிடும். ஒருநாள் அண்ணன் சலூனில் இருக்கும்போது வேலு ஓடிப்போய், "பெரியத்தான், பாப்பா தூங்கிடுச்சு" என்றான். அண்ணன் பாதிச் சவரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். பாப்பா எழுந்தது சாயங்காலம்தான். அதற்குள் சலூன்காரர் அவரைத் திண்ணையில் கிடத்திவிட்டுக் கடையைக் கட்டிவிட்டார். மறுநாள் காலைவரை அண்ணன் ஒரு கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு திரிந்தார்.

"கையைக் கழுவிட்டுத்தான் குழந்தையைத் தொடணும்" என்றும் நர்ஸம்மா சொல்லியிருந்தார். கழுவினோம். ஆனால் கழுவிய கையால் குழாயை மூடினால் கை மறுபடியும் அழுக்காகிவிடுகிறதே. அதனால் மூன்று ஆண்களும் கையை மேலே தூக்கியபடி நின்றோம், குழாய் பாட்டுக்கு ஓடியது. பாப்பா வீறிட்டு அழுதாள். கடைசியில் பவளக்கொடி வந்து குழாயை மூடி, பாப்பாவையும் தூக்கி, எங்களையும் திட்டினாள். அவள் கை கழுவவில்லை என்பதை நாங்கள் நர்ஸம்மாவிடம் சொல்லவில்லை. குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஊரில் சளியும் காய்ச்சலும் வந்தன. நர்ஸம்மா வீடு வீடாக வந்து சொன்னார். "ஆறு மாசம் முடியற வரைக்கும் குழந்தைய வீட்டு வாசப்படி தாண்ட விடாதீங்க. ஊசி போட நானே வர்றேன்."

எல்லோரும் தலையாட்டினோம். பவளக்கொடி மட்டும் காலண்டரைப் பார்த்தாள். அவளுடைய பிரசவ லீவும் அதே ஆறு மாசம்தான். பாப்பா வாசல் தாண்டலாம் என்று ஆகிற அன்றைக்கே அவள் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

"வேலைக்குத் திரும்பிட்டா அப்புறம் கடல் எங்க, நான் எங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை துணி துவைக்கவே பத்தாது. எனக்கு இருபத்தொம்பது வயசு. இதுவரைக்கும் காலண்டர்ல மட்டும்தான் கடலப் பாத்திருக்கேன். என் பொண்ணும் அப்படி இருக்கக் கூடாதுங்க. நானும் அவளும் ஒண்ணா கடல்ல கால் நனைக்கணும். அது போதும் எனக்கு." எனக்கு வெட்கமாக இருந்தது. இமயமலை வரைக்கும் வாய் நீண்டவன் நான்.

குடும்ப ஆலோசனை கூடியது.

"வாசப்படிய தாண்டக் கூடாது. ஆனா கடலுக்குப் போகணும்" என்றேன் நான்.

"ஜன்னல் வழியா எடுத்துட்டுப் போனா?" என்றான் வேலு.

"ஜன்னல்ல கம்பி இருக்கு. பாப்பா போகும், உங்கக்கா போக மாட்டா" என்றார் அண்ணன். பிறகு கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். பாப்பா தூங்கிவிட்டதோ என்று நானும் கண்ணை மூடினேன். திடீரென்று அவர் தொடையைத் தட்டினார்.

"வாசப்படிய தாண்டினாதானே தப்பு? வாசப்படியே முன்னால போயிட்டிருந்தா? நாம பின்னாலேயே போனா எப்பத் தாண்டுவோம்?"

இப்படி ஒரு மனிதனை ஊர் இன்னும் பஞ்சாயத்துத் தலைவர் ஆக்காமல் வைத்திருக்கிறதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்து வாசல் நிலையைப் பெயர்த்தோம். வாசற்படிக் கட்டை, கதவு, தாழ்ப்பாள், அதில் தொங்கிய பூட்டு எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக வந்தது. பூவரச மரம், கனம் என்றால் அப்படிக் கனம். நானும் அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி, ஓரடி வெளியே நகர்ந்தோம். பவளக்கொடி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓரடி வந்தாள். சுவரில் இருந்த ஓட்டையை அவள் தாண்டும்போது அண்ணன் கூர்ந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல, அது ஓட்டைதான், வாசப்படி நம்ம கையில இருக்கு" என்றார்.

"வீடு திறந்து கிடக்கே?" என்றாள் பவளக்கொடி.

"கதவையே கையில எடுத்துட்டுப் போறோம். இதவிடப் பத்திரம் வேணுமா?" என்றார் அண்ணன். நிம்மதியாகக் கிளம்பினோம்.

தெருமுனையில் திரும்புவதற்குத்தான் கொஞ்சம் சிரமப்பட்டோம். நிலை திரும்பும்போது பாப்பா அதன் பக்கவாட்டுக்கு வந்துவிடக் கூடாது. ஆகவே பவளக்கொடி ஒரு பெரிய வட்டமடித்து ஓட வேண்டியிருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மரியாதைக்குத்தான் எழுந்தார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நாகப்பட்டினம் பஸ் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"இத மேல போடுங்க" என்றார்.

"மேல போட்டா பாப்பா வாசப்படிக்குக் கீழ வந்துடும்" என்றார் அண்ணன். "கீழ போறது தாண்டறதுல சேருமா, சேராதான்னு நர்ஸம்மா சொல்லலியே. சந்தேகம்னு வந்துட்டா செய்யக் கூடாது."

"அப்ப பஸ் படிய மட்டும் தாண்டலாமா?" என்று கேட்டார் கண்டக்டர். நல்ல மனிதர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது உங்க படி. எங்க வீட்டுப் படியத்தான் தாண்டக் கூடாது" என்றார் அண்ணன்.

கண்டக்டர் கொஞ்சநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாப்பா அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டார். முன்பக்கம் டிரைவருக்குப் பின்னால், ஏறுகிற வழியை ஒட்டி நிலையை நிறுத்தி, துண்டால் கம்பியில் கட்டினோம்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. முன்வாசலில் ஏறியவர்கள் எல்லோரும் எங்கள் நிலைக்குள் நுழைந்துதான் இருக்கைக்குப் போக வேண்டியிருந்தது. நம் வீட்டு வாசலுக்குள் வருகிறவர்களை வாங்க என்று கேட்காமல் இருக்கலாமா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் அண்ணன் எழுந்து கை கூப்பி, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார். பவளக்கொடி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். வழிக்கென்று கட்டியிருந்த புளிச்சோறு தஞ்சாவூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "வீடு புதுசாக் கட்டினதா?" என்று கேட்டார். போகும்போது பாப்பா கையில் இருபது ரூபாய் வைத்து அழுத்திவிட்டு இறங்கினார்.

வழியெல்லாம் நான் அடுத்த பயணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். "ஊட்டிக்குப் போறப்ப கதவு இருக்கறது நல்லது, குளிர்னா சாத்திக்கலாம். காசிக்குப் போறப்ப ரயில்ல சுலபம். விமானத்துலதான் கேட்டுப் பாக்கணும்." பவளக்கொடி, "முதல்ல கடலக் காட்டுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்குப் பத்தடி தள்ளி மணலைத் தோண்டி நிலையை நட்டோம். கதவைத் திறந்தேன். சட்டத்துக்குள் கடல் முழுசாகத் தெரிந்தது.

பவளக்கொடி பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். "இவ்வளவு தண்ணியும் யாருங்க ஊத்தினது" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனுக்கும் வந்தது, ஆனால் அவர் மூளை என்பதால் மணல் விழுந்துவிட்டது என்றார்.

"கால் நனைக்கணுமே" என்றாள்.

"நிலையைத் தண்ணிக்குள்ள கொண்டுபோவோம்" என்றேன். கொண்டுபோனோம். முதல் அலையே எங்களையும் நிலையையும் சேர்த்துக் கரையில் தள்ளியது. இன்னொரு தடவை போனோம். கடலுக்கு எங்களைத் தெரிந்துவிட்டது, இந்தத் தடவை சீக்கிரமாகவே தள்ளியது. மறுபடியும் பழைய இடத்திலேயே நட்டோம்.

அண்ணன் நனைந்த வேட்டியைப் பிழிந்தபடி சொன்னார். "பாப்பா வெளிய போகக் கூடாதுன்னுதான் நர்ஸம்மா சொன்னாங்க. வெளிய இருக்கறது உள்ள வரக் கூடாதுன்னு சொல்லலியே. கடல் நம்ம வீட்டுக்கு வரட்டும். வேலு, போய்க் கூப்பிடு."

வேலு வாசலைத் தாண்டி வெளியே போனான். போனவன் திரும்பி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டையும் அமுக்கிவிட்டான்.

"ஏன்டா பூட்டின?" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"கடைசியா வெளிய போறவங்க கதவப் பூட்டிட்டுப் போகணும்னு அக்கா தினமும் சொல்லுதே, அத்தான்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"சரி, திற."

"சாவி வீட்டுல ஆணியில தொங்குது."

அவனையே போய் எடுத்துவரச் சொன்னோம். வெளியே இருந்தது அவன் ஒருவன்தானே. அவன் பஸ் பிடிக்க ஓடினான். நாங்கள் மூன்று பேரும் பாப்பாவும் உள்ளே மாட்டிக்கொண்டோம். வலப்பக்கம் கோடியக்கரை வரைக்கும் எப்படியோ தெரியாது, கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். இடப்பக்கமும் மணல். நடுவில் பூட்டிய கதவு.

சுண்டல் விற்கிறவர் ஒருவர் பக்கவாட்டில் நடந்து எங்களிடம் வந்தார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, வாசல்னு ஒண்ணு இருக்கறப்ப சுவரேறிக் குதிச்சு வர்றியே, பொம்பளப் புள்ளைங்க இருக்கற வீடு!"

அவர் பயந்துபோய்ச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றேன்.

"சுண்டல்."

"பூட்டியிருக்கு. சாவி வந்ததும் வாங்க."

பசியோடு உட்கார்ந்திருந்தோம். கதவின் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். பாப்பா தூங்கினாள், ஆகவே நாங்களும் தூங்கினோம்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஓர் அலை வந்து கதவில் மோதியது. அடுத்த அலை கதவைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. பவளக்கொடி பாப்பாவை இறக்கிப் பிடித்தாள். பாப்பாவின் குட்டிப் பாதமும் அவள் பாதமும் ஒன்றாக நனைந்தன. பாப்பா காலைச் சுருக்கி, பிறகு நீட்டி, கெக்கெக்கே என்று சிரித்தது. பவளக்கொடி அழுதாள், சிரித்தாள், "போதுங்க, போதுங்க" என்றாள். ஆனால் நகரவில்லை. என் ஆயுளில் நான் ஒரு வாக்கைக் காப்பாற்றியது அன்றுதான். அதையும் கடல்தான் செய்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"அத்தான், நான்தான் வேலு." வியர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"சாவி எங்கடா?"

"சாவிய விடுங்க அத்தான். நம்ம வீட்டுல திருட்டுப் போயிடுச்சு! போய்ப் பாக்குறேன், வாசலையே காணோம். எவனோ நிலையோட பேத்து எடுத்துட்டுப் போயிட்டான். வாசல் இல்லாம நான் எப்படி உள்ள போய்ச் சாவி எடுக்கறது? நேரா போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வர்றேன். பூவரச நிலை, ஒத்தக் கதவு, தாழ்ப்பாள்ல பூட்டுன்னு ஒண்ணு விடாம அடையாளம் சொல்லிட்டேன்."

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பவளக்கொடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பாடுபட்டுக் கட்டிய வீடு.

கடைசியில் அண்ணன்தான் தைரியம் சொன்னார். "போனது போகட்டும். கவலப்படாதீங்க" என்று சொல்லி, அலைக்கு ஆடிய நிலையை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நல்லவேளை, கைவசம் இது ஒண்ணு இருக்கு. ஊருக்குப் போனதும் அந்த இடத்துல இதப் பொருத்திப் பாப்போம். அளவு சரியா இருக்கணும்னு வேண்டிக்குங்க."