நாக்கு நீட்டிய மகாராஜா

ரொம்பக் காலத்துக்கு முந்தி நொச்சியூரை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தைலவண்ணத்தில் தன் முகத்தை எழுதவைத்துப் பார்க்க அவருக்கு ஆசை. "படம் உயிரோடு இருக்க வேண்டும்!" என்று சொல்லி ஓவியர் மாசிலாமணியை அழைத்தார்.

ஆனால் படத்துக்கு உட்கார்ந்ததும் ராஜாவின் முகம் அம்மிக்கல்லாகிவிடும். கிரீடம் வைத்த பூசணிக்காய்தான் படத்தில் வந்தது.

படையை நடத்தும் தளவாய் பூவராகனுக்கு ஒரே கொண்டாட்டம். அடுத்தவன் இலையில் அப்பளம் நொறுங்கினால் சந்தோஷப்படுகிற ஆள் அவன். அப்படி ஒருத்தன் எனக்கும் வாய்த்தான். பேர் சொல்ல மாட்டேன்.

"பிரபு, இவனுக்குத் தொழிலே தெரியாது. பாதி மீசையைச் சிரைத்து நாட்டைவிட்டுத் துரத்துங்கள்!"

"நாளைக்குள் படத்தில் உயிர் வராவிட்டால் அப்படியே செய்வோம்" என்றார் ராஜா.

மாசிலாமணி மீசையைத் தடவிக்கொண்டார். "பிரபு, தாங்களும் எழுதிப் பாருங்களேன். தளவாய் உட்காரட்டும். நான் எதிரே இருந்து எழுதிக்கொண்டே சொல்லித்தருகிறேன்."

ராஜா உற்சாகமாகத் தூரிகை எடுத்தார்.

"முதலில் நிழலைப் போடுங்கள். மூக்கு தானாக எழும்பும்."

"ஐயையோ, ரொம்ப எழும்பிவிட்டதே!"

"வண்ணம் இன்னும் காயவில்லை, துடைத்துவிடுங்கள்."

துடைத்த துடைப்பில் மூக்கு கன்னத்துக்குப் போய்விட்டது. ராஜா ஒரு கண்ணை மூடி, நாக்கை ஓரமாக நீட்டி, மூக்கை நடுவே இழுத்துவரப் பாடுபட்டார். வரவில்லை.

பூவராகன் எட்டிப் பார்த்தான். "ஆஹா! கண்ணாடியில் என்னையே பார்த்த மாதிரி இருக்கிறது, பிரபு!"

அடுத்து மாசிலாமணியின் படத்தைப் பார்த்தான். அதில் ஒரு கண்ணை மூடி, நாக்கை நீட்டிக்கொண்டு ராஜா!

"ராஜதுரோகம்! இவன் தலையை வாங்குங்கள்!"

அந்த நேரம் அங்கே வந்த ராணி விழுந்து விழுந்து சிரித்தாள். "இதல்லவா நான் தினமும் பார்க்கிற முகம்!"

ராஜா உற்றுப் பார்த்தார். "அட, உயிரோடுதான் இருக்கிறேன்!" என்று அவரும் சிரித்தார். மாசிலாமணியை அங்கேயே அரண்மனை ஓவியராக்கினார்.

"ஒரு விண்ணப்பம், பிரபு" என்றார் மாசிலாமணி. "தாங்கள் எழுதிய படத்தைக் கோட்டை வாசலில் மாட்டலாம். தளவாயை அடையாளம் பார்த்து உள்ளே விடக் காவலருக்கு வசதியாக இருக்கும். கண்ணாடி மாதிரி இருப்பதாக அவரே சொன்னாரே!"

"பேஷ்! மாட்டுங்கள்!"

மறுநாள் காலை காவலன் பூவராகனை வாசலில் மறித்தான். "யாரய்யா நீ? எங்கள் தளவாய்க்கு மூக்கு கன்னத்தில் இருக்கும். போ, போ!"

ராஜா எழுதியது தப்பு என்று சொல்லப் பூவராகனுக்குத் துணிச்சல் ஏது? உச்சிவெயில் வரை நின்று பார்த்தான். கடைசியில் மூக்கைக் கன்னத்துப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வாருங்கள் தளவாய்!" என்று காவலன் வழிவிட்டான்.

தினமும் அப்படியேதான் போய்வந்தான். நன்றாக வேண்டும் அவனுக்கு.