உடைந்த நாற்காலி எங்கே போகும்?

"தூக்கமே வரமாட்டேங்குதுங்க சாமி," என்றான் தெய்வசிகாமணி.

"முதல்ல உட்கார்."

அவன் உட்காரவில்லை. ஆசிரமத்து வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

ஈரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்கிப் போடுகிற வேலை அவனுக்கு. கட்டில், நாற்காலி, பக்கெட், எல்லாம் அவன் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வரும்.

சாமிக்கு மௌனச்சாமி என்று பேர். பேர்தான் அப்படி. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவன் பாடு திண்டாட்டம்.

"என்னடா உனக்குக் கேடு?"

"வருசா வருசம் கொறஞ்ச விலைக்குப் பார்த்து நாற்காலி வாங்குறேன். வருசம் முடியறதுக்குள்ள கால் முறிஞ்சுடுது. கால் முறிஞ்சா மொத்தமும் குப்பைதான். பழைய சாமான்காரன்கூட வேண்டாங்கிறான். கட்டடத்துக்குப் பின்னாடி மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு."

"கெடக்கட்டுமே."

"போன வாரம் அதுக்குள்ள இருந்து பாம்பு வந்து, கூட்டுற மாராயியைக் கடிச்சுடுச்சு சாமி!" அவன் மரத்தடியில் நின்றான். "பிழைச்சுட்டா. ஆனா அது என்னாலதானுங்களே?"

"உன்னாலதான்."

சாமிக்கு இதமாகப் பேச வராது.

தெய்வசிகாமணி மறுபடி நடந்தான்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆர்டர் போடணும். அதே கம்பெனிதான் விலை கொறைச்சுச் சொல்லியிருக்கு. வேற எங்க போனாலும் இதே கதைதான். நான் எதைப் பார்த்துத்தான் வாங்குறது?"

"அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போன் போடு. ஒரே ஒரு கேள்வி கேளு."

"விலையைக் கேட்டாச்சுங்க."

"அதைத்தானே இத்தனை வருசமா கேட்டுக் கிழிச்சே! உடைஞ்சதை எல்லாம் உன் பட்டறைக்கே திருப்பி அனுப்புவேன், எடுத்துக்குவியான்னு கேளு."

"சிரிப்பானுங்க சாமி."

"சிரிச்சுட்டுப் போறான். உனக்கென்ன?"

நடந்துகொண்டே போன் போட்டான். சாமிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். நாற்காலி கம்பெனி முதலாளி நாச்சிமுத்து உற்சாகமாக எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி! லோடு ஏத்திடலாமா?"

தெய்வசிகாமணி கேட்டான்.



பதிலுக்காக நடையை நிறுத்தினான்.

"என்ன தம்பி, வெளையாடுறீங்களா?" நாச்சிமுத்து சீறினார். "உடைஞ்சதெல்லாம் என் தலையிலயே வந்து விழும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, கால் போனா கால மட்டும் கழட்டி மாத்துற மாதிரியில்ல செஞ்சிருப்பேன்!"