மிதி டாக்டர்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. கதை தலைகீழாகத் தொடங்குகிறதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கதையே கால் முன்னால் வந்து பிறந்த ஒருவரைப் பற்றியதுதான்.

குருவின் பெயர் ஜுலைகா. பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் பிசியோதெரபி நிலையம் வைத்திருந்தார். சீடரின் பெயர் பூதத்தான். பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். தோள்வலிக்காக வந்தவர், வலி போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் வந்து, கணுக்காலுக்கு எப்படிக் கட்டுப் போடுவது, எங்கே ஐஸ் வைப்பது, எப்போது கையே வைக்கக் கூடாது என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவார்.

முதல் நாள் அவர் ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிட்டார்.

“டாக்டர் இல்ல அண்ணாச்சி. பிசியோ. நான் படிச்சதுக்கு மேல ஒரு எழுத்துகூட வேண்டாம்” என்றார் ஜுலைகா.

அன்றிலிருந்து ‘டீச்சரே’ ஆயிற்று. தன் மகள் வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவதில் பூதத்தானுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அந்த ஞாயிறு அவர் நோட்டைத் திறக்கவில்லை.

“டீச்சரே, ஒரு கேள்வி. தெரிஞ்ச உண்மையைச் சொல்லணுமா, சும்மா இருக்கணுமா?”

“யாரைப் பத்தின உண்மை?”

“மிதி டாக்டரைப் பத்தி.”

மிதி டாக்டர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சொந்தப் பெயர் கோமதிநாயகம். பள்ளியின் தாளாளர் வயிரவனுக்கு மைத்துனர். மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். இவர் அத்தான் தயவில் ஒரு வெள்ளைக் கோட்டுக்குள் ஏறிவிட்டார். விளையாட்டு மைதானத்தை ஒட்டி ஓர் அறை, வாசலில் ‘விளையாட்டு மருத்துவப் பிரிவு’ என்று பலகை, உள்ளே ஒரு கட்டில். மருத்துவம் சம்பந்தமாக அவர் படித்தது அந்தப் பலகையை மட்டும்தான்.

ஆனால் ஒரு தகுதி இருந்தது. பிறக்கும்போது அவருக்குத் தலைக்கு முன்னால் கால் வந்ததாம். கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மூன்று மிதி மிதித்தால் எந்தச் சுளுக்கும் ஓடிவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தாளாளருக்கே ஒருமுறை குறுக்குப் பிடித்து, மைத்துனர் மிதித்து, சரியாகிவிட்டது. வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

பள்ளியில் பிள்ளைகளுக்கு என்ன அடி பட்டாலும் அதற்குச் சுளுக்கு என்றே பெயர். சுளுக்கு என்றால் மூன்று மிதி. மிதித்து முடித்ததும் ஒரு கடலைமிட்டாய் உண்டு. மிட்டாய்க்காகவே சுளுக்கிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. மனிதர் அவ்வளவு தங்கமானவர். கெட்டவராக இருந்திருந்தால் பூதத்தானுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

“போன வாரம் முத்தரசியை மிதிச்சாரு” என்றார் பூதத்தான்.

முத்தரசி பதினொன்றாம் வகுப்பு. கபடியில் பாடிப் போனாளென்றால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். பயிற்சியில் திரும்பும்போது முட்டி திருகிக்கொண்டு விழுந்தாள். ‘டப்’பென்று ஒரு சத்தம். அது பூதத்தானுக்கே கேட்டது.

“முட்டி வீங்கியிருக்கா?”

“பலாக்கொட்டை மாதிரி ரெண்டு பக்கமும். கேட்டா ‘ஒண்ணுமில்ல சார், சுளுக்கு இறங்கிட்டு’ங்கா. வியாழக்கிழமை மாவட்டப் போட்டி. அன்னைக்கு இறங்கினான்னா அந்த முட்டி அவ்வளவுதான் டீச்சரே.”

“பிறகென்ன யோசனை?”

பூதத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். போட்டிக்கான நுழைவுப் படிவம். அணியோடு வரும் மருத்துவ உதவியாளரின் பெயர், தகுதி, கீழே உடற்கல்வி ஆசிரியரின் கையெழுத்து. மூன்று வருடமாகத் தகுதி என்ற இடத்தில் ‘அனுபவம் உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கழுவுற மீனில் நழுவுற மீன்.

“சொன்னா வேலை போயிரும். ஐம்பத்து மூணு வயசுல எந்தப் பள்ளிக்கூடம் புதுசா ஒரு பி.டி. சாரைத் தேடுது? சொல்லலேன்னா பிள்ளைக்குக் கால் போயிரும். நான் என்ன செய்ய?”

ஜுலைகா இடது கையை அவர் முன்னால் நீட்டினார். சுண்டுவிரல் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது.

“காலையில கதவிடுக்குல மாட்டிருச்சு. இழுத்து விடுங்க அண்ணாச்சி.”

“நானா?”

“மூணு வருஷமா படிக்கிறீங்கள்ல. பலமா ஒரு இழு.”

பூதத்தான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“எனக்குத் தெரியாது டீச்சரே! கட்டுப் போடத்தானே படிச்சேன். எலும்பு உடைஞ்சிருந்தா? முதல்ல படம் எடுத்துப் பாக்கணும்.”

“அட, சும்மா இழுங்க.”

“மாட்டவே மாட்டேன். டீச்சர் விரலாச்சே!”

ஜுலைகா சிரித்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“முத்தரசி முட்டி யாரோடது அண்ணாச்சி?”

பூதத்தான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஜுலைகா விரலுக்கு ஐஸ் எடுக்கப் போனார். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை தாளாளர் அறை. பக்கத்து நாற்காலியில் பள்ளிச் செயலாளர் உலகம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் தாளாளரின் மனைவி, கோமதிநாயகத்தின் அக்கா. பூதத்தான் படிவத்தை மேசையில் வைத்தார். தகுதி என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தது.

“வேய், என்ன இது?” என்றார் தாளாளர்.

“உள்ளதுதான் சார்.”

“உள்ளதா? இல்லைன்னுல்லா எழுதியிருக்கீரு!”

“இல்லைங்கிறதுதான் சார் உள்ளது.”

வாசலுக்கு வெளியே யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். ஆசிரியர் அறையிலிருந்து பாதிப் பேர் வந்து அங்கேதான் நின்றிருந்தார்கள்.

தாளாளரின் முகம் சிவந்தது. “மாத்தி எழுதும்.”

“எழுத மாட்டேன் சார். முத்தரசிக்கு ஸ்கேன் எடுக்கணும். அவளை ஆடவும் விட மாட்டேன்.” தலைக்கு மேல் வெள்ளம், இனிச் சாண் என்ன முழம் என்ன என்று இன்னொரு காகிதத்தையும் வைத்தார். “மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு எல்லாத்தையும் எழுதியிருக்கேன். போன வருஷம் மிதி வாங்கின தங்கமாரிக்கு இன்னைக்கும் மணிக்கட்டு முழுசாத் திரும்பலை. அதையும் எழுதியிருக்கேன். நகல் ஒண்ணு உங்களுக்கு.”

“உமக்கு வேலை வேண்டாமா வேய்?”

“வேணும் சார். ரொம்ப வேணும்.”

தாளாளர் இரண்டு காகிதங்களையும் தள்ளி வைத்தார். பிறகு மணியை அடித்தார். “மாப்ளையக் கூப்பிடு!”

கோமதிநாயகம் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார். பை நிறையக் கடலைமிட்டாய்.

“மாப்ள, இந்த ஆளு உமக்குத் தகுதி இல்லைங்காரு. சொல்லும். கால் முன்னால வந்து பிறந்தவரா இல்லையா நீரு?”

கோமதிநாயகம் தாளாளரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பூதத்தானை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

“அத்தான், கால் முன்னால வந்தது நான் இல்ல.”

“பின்னே?”

“அக்கா.”

தாளாளர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“பொம்பளப் பிள்ளையைக் கூப்பிட்டு ஊர்க்காரன் முதுகை எல்லாம் மிதிக்கச் சொல்லுவாங்களேன்னு அம்மாவுக்குக் கவலை. அதனால என் பேருக்கு மாத்திச் சொல்லிட்டா. சாகிறதுக்கு முந்தித்தான் என்கிட்டச் சொன்னா. அதுக்குள்ள நீங்க பலகையே மாட்டிட்டீங்க.”

உலகம்மாள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். ஐம்பது வருடம் கூடவே வந்தவை. இப்போதுதான் அறிமுகமானதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ நானாடா?”

“நீதான்க்கா.”

“அப்போ இந்த உத்தியோகம் எனக்குல்லா வந்திருக்கணும்!”

முதலில் சிரித்தது அவர்தான். வாசலில் நின்றவர்கள் அதற்குமேல் தாங்கவில்லை. தமிழாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோமதிநாயகமும் சிரித்தார், கண்ணில் நீர் வழிய வழிய. “ஒவ்வொரு பிள்ளையையும் மிதிக்கும்போது ‘முருகா, ஒண்ணும் ஆகிறக் கூடாது’ன்னு கும்பிட்டுட்டுத்தான் காலை வைப்பேன். மூணு வருஷத்துல ஒருத்தராவது வந்து ‘உமக்கு இது தெரியுமாவே’ன்னு கேக்க மாட்டாங்களான்னு இருந்தது” என்றார். பாரம் இறக்கியவர்போல் கோட்டை மடித்து மேசையில் வைத்தார்.

சிரிக்காதவர் தாளாளர் ஒருவர்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் உலகம்மாள் அவர் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது.

“முதல்ல அந்தப் பிள்ளைக்கு ஸ்கேன். பிறகு தங்கமாரியை நல்ல எலும்பு டாக்டர்கிட்டக் கூட்டிப் போகணும். பூதத்தான் சாருக்கு வேலை இருக்கும். கடுதாசி போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.”

“உலகு...”

“நீங்க பேசாதீங்க. மிதிச்சிருவேன்.”

ஸ்கேனில் முட்டிக்குள் இருக்கும் தசைநார் பாதி கிழிந்திருந்தது. இன்னொரு திருகு திருகியிருந்தால் மீதியும் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆறேழு மாதம் ஓய்வும் பயிற்சியும் இருந்தால் மறுபடி ஆடலாம். ஆடலாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பூதத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு சுற்று ஓடிவந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை.

முத்தரசி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. வியாழக்கிழமை போட்டியில் கட்டுப் போட்ட காலை நீட்டி மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருத்துவ உதவியாளராக ஜுலைகா. கடைசி நிமிடத்தில் அணி இரண்டு புள்ளியில் தோற்றது. தோற்றவர்கள் ஓடிவந்து முத்தரசியைத் தூக்கப் போனார்கள், “கால், கால்!” என்று ஜுலைகா கத்தினார், நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். ஜெயித்த பள்ளிக்காரர்கள் யாருக்குக் கோப்பை என்று குழம்பிப்போய்ப் பார்த்தார்கள். நாற்காலி பூதத்தானைத் தாண்டும்போது முத்தரசி குனிந்து, “அடுத்த வருஷம் சார்!” என்று கத்தினாள். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அது விட்டுவிட்டுக் கீச்சிட்டது.

அடுத்த ஞாயிறு பூதத்தான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து வந்தார். ஆசிரியர் அறையில் அவருக்குக் கைதட்டியிருந்தார்கள். ஒரு பெற்றோர் சால்வை போர்த்தியிருந்தார். சால்வையைக் கொண்டுவரவில்லையே தவிர, தோளில் அதன் கனம் இருந்தது.

வழக்கமாக அவர் உட்காரும் பெஞ்சில் நடுநாயகமாக உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். மாடிப்படியில் காலடி கேட்டது. கையில் புது நோட்டோடு கோமதிநாயகம் வந்து நின்றார்.

“கட்டுப் போடக் கத்துக்கலாம்னு வந்தேன்” என்றார். “மிதிக்கிறதுக்கு இல்ல.”

“வாங்க அண்ணாச்சி” என்றார் ஜுலைகா.

பூதத்தானுக்குச் சுருக்கென்றது. எழுந்து குருவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சரே, நீங்க பெரிய மனசுக்காரங்கதான். அதுக்காக? மூணு வருஷமா பிள்ளைகளை மிதிச்சவரு. உண்மையைச் சொன்னவனும் அவரும் ஒண்ணா உக்காந்து படிக்கவா?”

ஜுலைகா சுண்டுவிரல் கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

“அவரு மூணு வருஷமா தெரியாததைத் தெரியும்னாரு. நீங்க மூணு வருஷமா தெரிஞ்சதைத் தெரியாதுன்னீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சுதான் அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

பூதத்தான் தள்ளி உட்கார்ந்தார்.