பத்து லட்சத்து ஒன்று

"பந்தியில உட்கார முடியலை, தாயே. தோப்புல இருக்கிற குடிசையை எனக்குக் கொடுங்க."

வைரவநாதன் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்று, அறுபது வயதில் மடத்துக்கு வந்தவர். துறவில் அவருக்கு எல்லாமே பிடித்திருந்தது, பக்கத்து இலை வேலப்பன் ரசம் உறிஞ்சும் சத்தத்தைத் தவிர. அது தாங்காமல் தன் இலையைக் கூடத்துக்கு வெளியே, தூணுக்குப் பின்னால் போடச் சொல்லிவிட்டார். அங்கேயும் சத்தம் கேட்டது.

குரு செங்கமலத்தம்மைக்கு அவருடைய மகள் வயதுதான். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"தனியா இருந்தா என்ன கிடைக்கும்?"

"யாரும் பங்கு போட முடியாத முழுமை கிடைக்கும், தாயே."

"அப்படியா? பத்து லட்சத்து ஒண்ணு. ஒண்ணையும் அதையும் விட்டா, வேற எந்த எண்ணாலயும் அது மீதியில்லாம வகுபடாதுன்னு காட்டுங்க. குடிசை உங்களுக்குத்தான்."

அடுப்புக்கரியோடு போனவர் மூன்று நாள் கண்ணில் படவில்லை. மாட்டுத்தொழுவத்துச் சுவர் முழுக்கக் கறுத்தது. மாடு மிரண்டு பால் கொடுக்க மறுத்தது.

நான்காம் நாள் நடுப்பகலில், இலை போடும் நேரத்தில், மூக்கெல்லாம் கரியோடு ஓடிவந்தார்.

"வகுபடலை, தாயே! ரெண்டுல ஆரம்பிச்சு நூறு வரைக்கும் ஒண்ணு விடலை!"

"நூறோட ஏன் நின்னுட்டீங்க?"

"சுவர் தீர்ந்துபோச்சு."

"நூறால வகுத்தப்போ?"

"ஈவு பத்தாயிரம். மீதி ஒண்ணு." அவர் குரலில் பெருமை வழிந்தது. "அந்த ஒண்ணு மாதிரிதான் நானும்."

குரு சமையற்காரர் முத்தையனைப் பார்த்தார். "உள்ள எத்தனை இலை?"

"உங்களோட சேர்த்து நூறும்மா. தூணுக்குப் பின்னால ஐயாவுக்கு ஒண்ணு."

"அதையும் உள்ள போட்டு எண்ணுங்க." பிறகு வைரவநாதனிடம் திரும்பினார். "வர்ற எண்ணால வகுங்க."

வைரவநாதன் தரையில் குந்தி, கரியால் நூற்றொன்று என்று எழுதினார். குரு உட்காராமல் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். கூடமே பசியோடு அவருடைய கரித்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று.

மீதி ஒன்றுமில்லை.

இரண்டாம் முறை போட்டார். பெருக்கியும் பார்த்தார். குடிசை கைநழுவிப் போனதில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, இங்க வாங்க," என்று வேலப்பன் நகர்ந்து இடம் விட்டார்.

வைரவநாதன் கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தார். குருவும் உட்கார்ந்தார். சாம்பார் வந்தது, பிறகு ரசம் வந்தது.

சர்ரென்று ஓர் உறிஞ்சல். கூடமே திரும்பிப் பார்த்தது.

வேலப்பனும் திரும்பிப் பார்த்தார். அவர் இலைக்கு இன்னும் ரசம் வரவில்லை.