அணில் சொன்ன பொய்

ஏரிக்கரைக் காட்டில் மின்னி என்றொரு அணில் இருந்தது. பங்குனி பிறந்துவிட்டால் அதற்குப் பசி, தூக்கம் எல்லாம் மறந்துபோகும். குளிருக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்புகிற காலம் அது. மின்னி இலுப்பை மரத்தின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்து, போகிற குருவிகளையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

போன வருடம் ஒருநாள், "மஞ்சள் குருவி! மஞ்சள் குருவி!" என்று கத்திக் காட்டையே கூட்டிவிட்டது. ஓடிவந்து பார்த்தால், அது பழுத்த இலை! அன்றிலிருந்து மைனாவின் கேலி தாங்க முடியவில்லை.

"இந்த வருடம் யாருமே பார்க்காத பறவையைக் காட்டியே தீருவேன்!" என்று மின்னி உறுதி எடுத்துக்கொண்டது.

ஒருநாள் மழை விட்ட காலை. மூங்கில் புதருக்கடியில் சருகு அசைந்தது. மின்னி எட்டிப் பார்த்தது. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. அந்தக் காட்டுக்கு வந்தே இராத ஆறுமணிக்குருவி!

"ஏன் தரையிலேயே நடக்கிறாய்?" என்று மின்னி கேட்டது.

"நேற்றுச் சூறைக்காற்றில் சிக்கிக்கொண்டேன். சிறகு வலிக்கிறது. மூன்று நாள் புழு பூச்சி தின்று தேறிவிட்டால் இமயமலை அடிவாரத்துக்குப் போய்விடுவேன். என் ஜோடி அங்கே வரும்" என்றது குருவி.

மின்னி ஒரே ஓட்டமாக மைனாவிடம் ஓடியது.

"இன்னொரு பழுத்த இலையா?" என்று மைனா சிரித்தது. "காட்டிவிட்டால் இனி உன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். காட்டாவிட்டால் நீ அந்த இலுப்பை மரத்தில் ஏறவே கூடாது!"

"சரி, வா!"

மைனா தன் கூட்டத்தையே அழைத்துக்கொண்டது. முயலும் பின்னால் வந்தது. ஒரே கூச்சல்! சத்தம் கேட்டு வல்லூறு ஒன்று சரேலென்று கிளையில் வந்து இறங்கியது.

"புதுக் குருவி என்று காதில் விழுந்ததே! நானும் பார்க்கிறேன்!"

மின்னி சட்டென்று நின்றது. புதர் பத்தடி தூரம்தான். கையை நீட்டிக் காட்டினால் போதும், மைனாவின் வாய் அடைபட்டுவிடும். ஆனால் அந்தக் குருவியால் பறக்க முடியாதே!

"எங்கே குருவி?" என்று மைனா அதட்டியது.

"குருவியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பொய் சொன்னேன்!"

மைனாக்கள் விழுந்து விழுந்து சிரித்தன. முயல்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. வல்லூறு மட்டும் நகரவில்லை.

"பொய் என்றால் உன் வால் ஏன் நடுங்குகிறது?"

"வெட்கத்தில்!" என்றது மின்னி.

வல்லூறு நம்பவில்லை. அங்கேயே வட்டமிட்டது. அது மூங்கில் பக்கம் வரும்போதெல்லாம் மின்னி எதிர்ப்பக்கம் வெட்டவெளிக்கு ஓடி, வாலைத் தூக்கிக்கொண்டு கத்தியது. வல்லூறு துரத்தும். மின்னி பொந்துக்குள் பாயும். ஒருமுறை நகம் பட்டு வாலில் பாதி முடி போயிற்று.

"சாக ஆசையா உனக்கு?" என்று வல்லூறு சீறியது.

"முடிந்தால் பிடி!" என்றது மின்னி. வால் எரிந்தது. ஆனாலும் மறுபடி வெளியே வந்தது.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தது. குருவி சிறகை உதறிப் பார்த்தது. வலி இல்லை.

"என்னால் உன் பெயர் கெட்டுவிட்டதே! போகும்முன் ஒருமுறை உரக்கப் பாடட்டுமா? மைனா கேட்டால் உன்னை நம்பும்."

மின்னிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நொடி யோசித்தது.

"வேண்டாம். வல்லூறுக்கும் காது உண்டு. சத்தம் போடாமல் கிளம்பு!"

குருவி எழும்பிப் பறந்தது. வடக்கு வானத்தில் அது சிறு புள்ளியாகி மறையும்வரை மின்னி, இலுப்பை மரத்தில் ஏறாமல் தரையில் நின்றபடியே, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அரிய ஒன்றைக் கண்டவருக்கு, அதை ஊருக்குக் காட்டிப் பெயர் வாங்குவதைவிட அதைப் பத்திரமாக வழியனுப்புவதே பெருமை.